விசில் 59

ழாக் ஆங்க்தில் என்ற பிரெஞ்சு சைக்கிள் வீரர் ஒரு படகு வைத்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'விசில் 59'. தமிழில் இதைக் கேட்டால், ரசிகர்களின் ஆரவாரத்தை மறக்காமலிருக்க வைத்த பெயர் என்றுதான் தோன்றும். நமக்கு விசில் என்றால் கொண்டாட்டம். பிரான்சில் அப்படியில்லை. அங்கே ஓர் ஆளைப் பார்த்து விசிலடித்தால் 'ச்சீ, போ' என்று அர்த்தம். 1959ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயம் முடிந்த அன்று, பாரிஸின் பார்க் தெ ப்ரேன்ஸ் மைதானத்தில் கூடியிருந்த சொந்த நாட்டுக் கூட்டம் அவரைப் பார்த்து அடித்த விசில் அது. அந்த அவமானத்தைத்தான் மனிதர் படகின் பெயராக எழுதி வைத்துக்கொண்டார்.

அப்படி என்ன செய்துவிட்டார்? அந்த வருடம் ஆன்றி ஆங்லாட் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஜெயிக்கக்கூடிய நிலையில் இருந்தார். அவருக்கும் பட்டத்துக்கும் நடுவே நின்றவர் ஸ்பெயினின் ஃபெதெரிகோ பாமொந்தெஸ். ஆங்க்திலும் அவரது அணித்தோழர் ரோஜே ரிவியேரும் மனசு வைத்திருந்தால் பாமொந்தெஸை விரட்டிப் பிடித்திருக்கலாம். அவர்கள் மனசு வைக்கவில்லை. காரணம் பணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்தக் காலத்து வீரர்களின் வருமானத்தில் பெரும்பங்கு, டூர் முடிந்த கையோடு சின்னச் சின்ன ஊர்களில் நடக்கும் காட்சிப் பந்தயங்களிலிருந்து வந்தது. எந்த ஊருக்கு யார், எவ்வளவு கூலி என்பதை ஏஜெண்டுகள் தீர்மானித்தார்கள். ஆங்லாட் எதிர் ஏஜெண்டின் ஆள். அவர் நாட்டுக்கே நாயகனாகிவிட்டால் இவர்களுடைய விலை இறங்கும். ஸ்பானியர் ஜெயித்தால் கோப்பையை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போய்விடுவார், வம்பில்லை.

கணக்குச் சரியாகத்தான் முடிந்தது. பாமொந்தெஸ் முதலிடம், ஆங்லாட் இரண்டு, ஆங்க்தில் மூன்று, ரிவியேர் நான்கு. ஆனால் கூட்டமும் ஒரு கணக்குப் போடும் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

சைக்கிள் பந்தயத்தின் வரலாற்றை வெற்றியாளர் பட்டியலை வைத்து எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே சாலையோரத்தில் நின்றவர்களின் வரலாறு ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பாலும் முதலாவது வந்தவனுக்கு விசிலும், இரண்டாவது வந்தவனுக்குக் கண்ணீரும் கிடைக்கின்றன. சில சமயம் முதலாவது வந்தவனுக்கு அடியும் கிடைக்கிறது.

*

முதலில் இந்த விளையாட்டின் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். கால்பந்துக்கு மைதானம் உண்டு, வேலி உண்டு, டிக்கெட் உண்டு. சாலைப் பந்தயத்துக்கு இது எதுவும் கிடையாது. பந்தயம் உங்கள் வீட்டு வாசல் வழியாகப் போகிறது. காலையிலிருந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மதியம் ஒரு நிமிஷத்துக்குள் மொத்தக் கூட்டமும் கடந்து போய்விடும். மலையேற்றத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அங்கே வீரர்களின் வேகம் குறையும். கையை நீட்டினால் முதுகு தட்டுப்படும். தண்ணீர் ஊற்றலாம், தள்ளிவிடலாம், காதுக்குள் கத்தலாம். காசு கொடுக்காத ரசிகன்தான். ஆனால் இவ்வளவு பக்கத்தில் நிற்கிற உரிமை வேறெந்த விளையாட்டு ரசிகனுக்கும் இல்லை. சாலை அவனுடையது. அதனால் பந்தயமும் தன்னுடையதுதான் என்று அவன் நினைத்துக்கொள்கிறான்.

இந்தச் சொந்தம் ஆரம்பத்திலேயே விபரீதமானது. 1903இல் 'லோத்தோ' என்ற விளையாட்டு நாளிதழ் தன் விற்பனையைக் கூட்ட டூர் டி பிரான்ஸைத் தொடங்கியது. ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ். ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர், அறுபது பேர். பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. பின்னாளில், 1919இல், முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் ஜெர்சி கொடுக்கும் வழக்கம் வந்ததும் அந்த நிறத்தில்தான். முதல் பந்தயம் பெரிய வெற்றி. அடுத்த வருடமே ரகளை.

1904இல் கட்டங்கள் நானூறு கிலோமீட்டருக்கு மேலும் நீண்டன. அதனால் இரவிலும் ஓட்டினார்கள். லியோனிலிருந்து மர்செய்க்குப் போகும் வழியில், சாந்தெத்தியென் ஊருக்கு அருகே உள்ள மலையில், இருட்டில் ஒரு கும்பல் கம்புகளோடு காத்திருந்தது. அவர்களுடைய ஊர்க்காரர் அந்துவான் ஃபோர் முன்னால் வந்தார். அவரைக் கடந்து போகவிட்டார்கள். பின்னால் வந்தவர்களை மறித்து அடித்தார்கள். முதல் வருடம் ஜெயித்த மொரீஸ் காரென் அடி வாங்கினார். இத்தாலியர் ஜொவானி ஜெர்பிக்கு விரல்கள் முறிந்தன. அமைப்பாளர்கள் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்ட பிறகுதான் கும்பல் கலைந்தது. பிறகு நீம் நகரில் மறுபடியும் கலவரம். விதிமீறலுக்காக வெளியேற்றப்பட்ட தங்கள் ஊர்க்காரர் ஃபெர்தினான் பையானுக்காகச் சாலையை மறித்துக் கல்லெறிந்தார்கள். பந்தயம் முடிந்து சில மாதங்கள் கழித்து, முதல் நான்கு இடம் பிடித்தவர்களும் ஏமாற்றியதாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். ஐந்தாவதாக வந்த ஆன்றி கோர்நே, இருபது வயதுகூட நிரம்பாத பையன், வெற்றியாளர் ஆனார்.

டூர் தன் வெற்றியாலேயே செத்துவிட்டது, இரண்டாவதே கடைசி என்று தெக்ராஞ் எழுதினார். சாகவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. ஜனங்களை உசுப்பிவிடத் தொடங்கப்பட்ட பந்தயம், ஜனங்கள் உசும்பிவிட்டார்கள்.

ஊர்ப்பற்று நாட்டுப்பற்றாக மாறியபோதும் இதே கதைதான். 1948இல் ஜீனோ பார்தாலி, 1949இல் ஃபௌஸ்தோ கோப்பி என்று இரண்டு வருடம் தொடர்ந்து இத்தாலியர்கள் ஜெயித்திருந்தார்கள். 1950இல் பிரெனே மலைகளில், ஆஸ்பன் கணவாயின் உச்சிக்கருகே நெருக்கியடித்த கூட்டத்துக்குள் பார்தாலியும் பிரெஞ்சுக்காரர் ழான் ரொபிக்கும் விழுந்தார்கள். கூட்டம் முப்பத்தாறு வயது பார்தாலியின் மேல் பாய்ந்தது. ஒருவன் கையில் கத்தி இருந்தது என்றார் பார்தாலி. அவன் பாவம் சாசேஜ் நறுக்கிக்கொண்டிருந்தவன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். எழுந்த பார்தாலி அன்றைய கட்டத்தை ஜெயித்தார். ஆனால் இத்தாலிய அணிகள் மொத்தமாகப் பந்தயத்தை விட்டு வெளியேறின. அன்றுதான் மஞ்சள் ஜெர்சியைப் பெற்றிருந்த இத்தாலியர் ஃபியொரென்சோ மாக்னியும் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

இதுவரை புரிந்துகொள்ள முடிகிறது. நம்மாள், அந்நியன் என்ற பழைய கோடு. ஆங்க்தில் விஷயத்தில் இந்தக் கோடு உதவாது. அவர் பிரெஞ்சுக்காரர். டூரை ஐந்து முறை ஜெயித்த முதல் மனிதர்: 1957, பிறகு 1961இலிருந்து 1964வரை தொடர்ச்சியாக. அவரைக் கொண்டாடாமல் ஒரு நாடு ஏன் இன்னொருவரைக் கொண்டாடியது?

*

அந்த இன்னொருவர் ரேமோன் பூலிதோர். ஆங்க்திலைவிட இரண்டு வயது இளையவர். பிரான்சின் நடுவே கிரூஸ் என்ற ஏழை மாவட்டத்தில், குத்தகை நிலத்தில் பாடுபட்ட குடும்பம். ராணுவச் சேவைக்குப் போகும்வரை ரயிலேறியதில்லை என்பார்கள். வெயிலில் கறுத்த முகம், மெதுவான பேச்சு, எதற்கும் குறைசொல்லாத சுபாவம். பதினான்கு முறை டூரில் ஓடினார். மூன்று முறை இரண்டாமிடம், ஐந்து முறை மூன்றாமிடம். ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. அதைவிட ஆச்சரியம், ஒரே ஒரு நாள்கூட மஞ்சள் ஜெர்சியை உடம்பில் போட்டதில்லை. மிலான்–சான் ரெமோ, ஸ்பெயின் சுற்றுப் பந்தயம், பாரிஸ்–நீஸ் என்று பெரிய வெற்றிகள் அவருக்கு உண்டு. அதையெல்லாம் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. தோல்விகளை வைத்துக்கொண்டார்கள். 'பூபூ' என்று செல்லப் பெயர் வைத்தார்கள்.

ஆங்க்தில் எதிர்ப்பக்கம். பொன்னிறத் தலைமுடி, கலையாத சீவல், ஷாம்பெயின், சீட்டாட்டம். தனித்தனியாகக் கடிகாரத்தோடு மோதும் நேர ஓட்டத்தில் அவரை வெல்ல ஆளில்லை. அதில் நிமிடங்களைச் சேர்த்துக்கொண்டு, மலைகளில் யாரையும் தப்பவிடாமல் கூடவே ஒட்டிக்கொண்டு போவார். தேவைக்கு மேல் ஒரு மிதி மிதிக்க மாட்டார். 1961இல் முதல் நாள் வாங்கிய மஞ்சள் ஜெர்சியைக் கடைசிவரை விடவில்லை. பந்தயத்தின் இயக்குநர் ழாக் கோதே கடுப்பாகி, அவரை எதிர்க்கத் துணியாத மற்ற வீரர்களைக் குள்ளர்கள் என்று எழுதினார். கூட்டத்தின் மனநிலையும் அதுதான். ஜெயிச்சது சரி, அதுக்கு நாங்க எதுக்கு ரோட்டோரம் நிக்கணும்?

இந்த இருவரையும் வைத்து பிரான்ஸ் தன்னைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டது. போருக்குப் பிந்தைய பொருளாதாரம் பாய்ச்சலில் போய்க்கொண்டிருந்த காலம். டிராக்டர் வந்தது, பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள், கிராமங்கள் காலியாகின. ஆங்க்தில் என்றால் புதிய பிரான்ஸ்: திறமை, திட்டம், கணக்கு. பூலிதோர் என்றால் பழைய பிரான்ஸ்: உழைப்பு, மண், அதிர்ஷ்டமின்மை. கஃபேக்களில் நாடு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

கதை அழகுதான். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஆங்க்திலும் மண்ணிலிருந்து வந்தவர். அப்பா கொத்தனாராக இருந்து, பிறகு நார்மண்டியில் ஸ்ட்ராபெரி பயிரிட்டவர். மகனும் அந்த வயலில் குனிந்து நிமிர்ந்தவன். ஒரு விவசாயி மகனைப் பட்டணத்துக் கணக்குப்பிள்ளையாகவும் இன்னொரு விவசாயி மகனை மண்ணின் மைந்தனாகவும் கூட்டமே ஆக்கிக்கொண்டது. பிறப்பை அது விசாரிக்கவில்லை. மேலே ஏறும்போது எவன் முகத்தில் வலி தெரிகிறது என்று பார்த்தது. ஆங்க்தில் வலியை முகத்தில் காட்டாதவர். அந்தக் காலத்துக் கிராமத்து மனிதன் தன்னையே எந்த முகத்தில் பார்த்திருப்பான் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

1964 ஜூலை 12. ஓவெர்ன் பகுதியின் பழைய எரிமலையான புய் த தோம். மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் குறுகிய சாலை. லட்சக்கணக்கில் ஜனம். ஆங்க்தில் 56 விநாடி முன்னிலையில் இருந்தார். அந்த விநாடிகளுக்குப் பின்னால் ஒரு சோகமும் இருந்தது. சில நாட்கள் முன்பு மொனாக்கோவில் முடிவுக்கோடு என்று நினைத்து பூலிதோர் ஒரு சுற்று முன்னாலேயே பாய்ந்துவிட்டார். இன்னொரு சுற்று பாக்கி. அந்தக் கட்டத்தையும் அதற்கான ஒரு நிமிட நேரச் சலுகையையும் ஆங்க்தில் எடுத்துக்கொண்டார்.

இப்போது மலையில் இருவரும் தோளோடு தோள் உரச ஏறினார்கள். அந்தப் புகைப்படம் உலகப் புகழ்பெற்றது. உண்மையில் ஆங்க்தில் அப்போது தீர்ந்துபோயிருந்தார். பின்னால் சென்றால் எதிரிக்குத் தன் களைப்பு தெரிந்துவிடும் என்று பக்கத்திலேயே போனார். அந்த ஏமாற்று கிட்டத்தட்ட கடைசிவரை பலித்தது. முடிவுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது பூலிதோர் பிரிந்து மேலேறினார். 42 விநாடி பறித்தார். மீதி 14 விநாடி ஆங்க்திலிடம் இருந்தது. அது போதும். பாரிஸில் நேர ஓட்டத்தில் அதை 55 விநாடியாக்கி ஐந்தாவது முறை ஜெயித்தார்.

அன்று அந்த மலையில் ஆங்க்தில் காட்டியது சாதாரண வீரம் இல்லை. காலில் ஒன்றுமில்லாமல், கண்ணில் மட்டும் தெம்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எரிமலை ஏறியிருக்கிறான். வலி முகத்தில் தெரியவேண்டும் என்று கேட்ட கூட்டம், மறைக்கப்பட்ட அந்த வலியை அன்று கண்டுகொள்ளவில்லை. அழுதது பூலிதோருக்காக.

ஆங்க்தில் அன்பை வாங்கவும் முயன்றார். 1965இல் டூரைத் தவிர்த்துவிட்டு ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தார். தோஃபினே என்ற ஒருவார மலைப் பந்தயத்தை, பூலிதோரை இரண்டாமிடத்துக்குத் தள்ளி, மே 29 அன்று ஜெயித்தார். அன்றிரவே விமானத்தில் போர்தோவுக்குப் பறந்து, நள்ளிரவுக்குப் பிறகு புறப்படும் போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் ஏறினார். ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். ஜெயித்தார். பந்தயம் முடிந்த இடம் அதே பார்க் தெ ப்ரேன்ஸ். 59இல் விசிலடித்த அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தேவைக்கு மேல் மிதிக்காத மனிதன் தேவையே இல்லாமல் உயிரைக் கொடுத்து மிதித்தபோதுதான் அவருக்கு அந்தக் கைதட்டல் கிடைத்தது.

ஆங்க்தில் இல்லாத அந்த வருட டூர் பூலிதோருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஃபெலிசே ஜிமொந்தி என்ற 22 வயது இத்தாலியப் பையன் வந்து ஜெயித்துவிட்டுப் போனான். பூலிதோர் மறுபடி இரண்டு. அன்பு இன்னும் கூடியது. துரதிர்ஷ்டம் கூடக் கூட ஜனங்களுக்கு என்னைப் பிடித்தது, வருமானமும் கூடியது என்று அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இதை யோசித்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. நீ தோற்றால்தான் எங்களுக்குப் பிடிக்கும் என்று ஒரு நாடே சொல்லும்போது அந்த மனிதன் என்ன செய்வான்?

*

அதே மலைக்கு, பதினொரு வருடம் கழித்து, எடி மெர்க்ஸ் வந்தார்.

மெர்க்ஸ் பெல்ஜியக்காரர். பிரஸ்ஸல்ஸ் புறநகரில் மளிகைக்கடை நடத்தியவரின் மகன். 1969இல் முதல் டூரிலேயே மஞ்சள் ஜெர்சி, புள்ளிகளுக்கான பரிசு, மலையேற்றப் பரிசு மூன்றையும் தூக்கிக்கொண்டு போனார். அதை அதிசயமாகப் பார்த்தார்கள். 1970, 71, 72, 74 என்று அவர் தொடர்ந்து ஜெயிக்க, அதிசயம் சலிப்பாகி, சலிப்பு கோபமானது. அவருக்கு 'நரமாமிசம் தின்பவன்' என்று பட்டப்பெயர். மற்றவர்களுக்கு ஒரு துண்டுகூட மிச்சம் வைக்க மாட்டார் என்று பொருள். ஆங்க்தில் தேவைக்கு மேல் மிதிக்காததால் வெறுக்கப்பட்டார். மெர்க்ஸ் தேவையைப் பற்றி யோசிக்காமல் எப்போதும் மிதித்ததால் வெறுக்கப்பட்டார். ஆக, ஓட்டும் விதம் அல்ல பிரச்சினை. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பதுதான்.

1975 ஜூலை 11. ஆறாவது வெற்றியை நோக்கி மஞ்சள் ஜெர்சியில் புய் த தோம் ஏறிக்கொண்டிருந்தார் மெர்க்ஸ். முடிவுக்கோட்டுக்குச் சுமார் நூற்றைம்பது மீட்டர் தூரத்தில், ஓரத்தில் நின்ற ஒருவரின் முஷ்டி அவர் விலாவுக்குக் கீழே இறங்கியது. வலியோடு கோட்டைத் தாண்டியவர், திரும்பிக் கீழே இறங்கிவந்து அந்த ஆளை அடையாளம் காட்டினார். அடித்தவர் ஓர் உள்ளூர்க்காரர். வேண்டுமென்று அடிக்கவில்லை என்றார். வழக்கு நடந்தது. மெர்க்ஸுக்குக் கிடைத்த இழப்பீடு, அடையாளத்துக்காக ஒரு ஃபிராங்க்.

இரண்டு நாள் கழித்து ப்ரா-லூ மலையில் மெர்க்ஸ் உடைந்தார். அவரைக் கடந்துபோனவர் பெர்னார் தெவெனே, பர்கண்டியைச் சேர்ந்த விவசாயி மகன். பிறகு ஒரு விபத்தில் மெர்க்ஸின் கன்ன எலும்பு முறிந்தது. விலகச் சொன்னார்கள், மறுத்தார். பாரிஸ்வரை ஓட்டி, 2 நிமிடம் 47 விநாடி பின்தங்கி இரண்டாமிடம். அதன்பிறகு அவர் டூரை ஜெயிக்கவேயில்லை. வாழ்நாள் முழுக்க வெறுக்கப்பட்ட அந்தச் சாம்பியனை முகம் வீங்கித் தோற்றபோதுதான் மனிதனாகப் பார்த்தார்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள்.

தோற்றவனை நேசிப்பது நல்ல குணம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அந்த நேசம் வெறும் நேசமாக நின்றுவிட்டால் நல்லதுதான். ஆனால் பூலிதோருக்காக அழுத சாலையும் மெர்க்ஸைக் குத்திய சாலையும் ஒன்று. கேட்டதும் ஒன்றேதான்: எங்களை மாதிரி இரு. ஜெயிக்கிறவனால் அது முடியாது. அதற்கு அவன் உடம்பால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

சம்பந்தப்பட்ட இருவருக்கிடையே அப்படி ஒரு பகை மிஞ்சவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஓய்வுக்குப் பிறகு ஆங்க்திலும் பூலிதோரும் நண்பர்களானார்கள். 1987இல் 53 வயது ஆங்க்தில் வயிற்றுப் புற்றுநோயில் படுத்திருந்தபோது பூலிதோர் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு மணிநேரமும் புய் த தோம் ஏறுவதுபோல வலிக்கிறது என்றாராம். அதோடு, இதிலும் நீ எனக்குப் பின்னால் இரண்டாவதாகத்தான் வரப்போகிறாய் என்றாராம். சொன்னது பூலிதோர். அவர் 2019 நவம்பரில், 83 வயதில் இறந்தார்.

*

பூலிதோரின் மகள்வழிப் பேரன் மத்யூ வான் டெர் பூல், நெதர்லாந்து வீரர். 2021 டூரின் இரண்டாம் நாள், பிரிட்டனி பகுதியில் ஒரு செங்குத்தான ஏற்றத்தில் ஜெயித்து மஞ்சள் ஜெர்சியை வாங்கினார். கோட்டைத் தாண்டும்போது விரலை வானத்தை நோக்கிக் காட்டினார். பேட்டியில் பேச முடியாமல் அழுதார். தாத்தா பதினான்கு முறை ஓடித் தொடாததைப் பேரன் தன் முதல் டூரில், இரண்டாவது நாளிலேயே தொட்டுவிட்டான். பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் பலர் கூடவே அழுதார்கள்.

ஆனால் இந்தப் பேரன் தாத்தா மாதிரி தோற்கிறவர் அல்ல. உலகச் சாம்பியன், கிளாசிக் பந்தயங்களின் ராஜா. ஆகவே தாத்தாவுக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைக்க ஆரம்பித்தது. 2023 டிசம்பரில் ஹுல்ஸ்டில் நடந்த சேற்றுப் பந்தயத்தில், பீரும் வசவும் பொறுக்காமல் ரசிகர்கள் பக்கம் துப்பினார். அபராதம் அவருக்குத்தான், 250 சுவிஸ் ஃபிராங்க். 2025 ஏப்ரலில் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் முன்னணியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருவர் எறிந்த தண்ணீர் பாட்டில் முகத்தில் பட்டது. அன்றும் அவர்தான் ஜெயித்தார், தொடர்ந்து மூன்றாவது முறை. வரலாற்றில் மிக அதிகம் நேசிக்கப்பட்ட இரண்டாமவனின் ரத்தம் என்பதெல்லாம் பாட்டில் எறிகிற கைக்கு ஒரு பொருட்டே இல்லை. முதலில் போகிறவன் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

புய் த தோம் மலைக்கு டூர் 1988க்குப் பிறகு நீண்டகாலம் போகவில்லை. 2023 ஜூலை 9 அன்று, முப்பத்தைந்து வருடம் கழித்து மறுபடி போனது. கட்டம் புறப்பட்ட ஊர் பூலிதோர் வாழ்ந்து மறைந்த சேன்-லெயோனார்-தெ-நொப்லா. இயற்கைப் பாதுகாப்புக்காகவும் சாலை குறுகியது என்பதாலும் கடைசி நான்கு கிலோமீட்டரில் பார்வையாளர்கள் அனுமதிக்கப்படவில்லை. தோளுரசல் நடந்த அந்தச் சாலையில், முஷ்டி இறங்கிய அந்த இடத்தில், அன்று யாரும் இல்லை. அழுவதற்கும் ஆளில்லை, அடிப்பதற்கும் ஆளில்லை. வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் மூச்சுச் சத்தத்தைத் தாங்களே கேட்டுக்கொண்டு ஏறினார்கள். அந்த வரிசையில் பூலிதோரின் பேரனும் இருந்தார்.